காற்றில் குளிரும் போர்ஷே 911: இன்ஜின் பராமரிப்பு

போர்ஷே 911, ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் 1964 முதல் தயாராகிவரும் ஸ்போர்ட்ஸ் கார். பின் அச்சுக்கும் பின்னால் பொருத்தப்பட்ட அதன் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு, 1998இல் 993 என்னும் ரகத்தின் தயாரிப்பு நிற்கும்வரை, ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. விசிறி தள்ளும் காற்றும் உள்ளே சுற்றும் ஆயிலுமே அதைக் குளிர்வித்தன. அந்த வகை இன்ஜின்களைப் பழுதின்றி ஓட்டுவதற்கான பராமரிப்பு முறைகளையும், ரகத்துக்கு ரகம் மாறும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

இந்த இன்ஜின் நுட்பமானது, ஆனால் பலவீனமானது அல்ல. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அதற்கு வரும் பெரிய நோய்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறக்கின்றன: வெப்பம். ஆயிலின் அளவு, விசிறி பெல்ட்டின் இறுக்கம், இன்ஜினைச் சுற்றிய தகரத் தகடு, சிலிண்டரைப் பிடிக்கும் ஸ்டட் எனத் தனித்தனி வேலைகளாகத் தோன்றுபவை எல்லாம் அந்த வெப்பத்தை வெளியேற்றவும் தாங்கவும் ஏற்பட்டவையே.

அமைப்பு

1963 செப்டம்பரில் பிராங்க்பர்ட் மோட்டார் கண்காட்சியில் இந்தக் கார் 901 என்ற பெயரில் அறிமுகமானது. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்கப் பெயர்களுக்குப் பிரெஞ்சு நிறுவனமான பெஜோ உரிமை கோரியதால் 911 ஆனது. இன்ஜினின் வடிவமைப்பில் முக்கியப் பங்கு ஹான்ஸ் மெட்ஸ்கருடையது. பின்னாளில் 917 பந்தயக் காரின் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினையும், 1980களில் மெக்லாரன் அணிக்கு ஃபார்முலா 1 பட்டங்களைத் தேடித்தந்த டர்போ இன்ஜினையும் உருவாக்கியவர் அவர்.

முதல் இன்ஜின் 1,991 சிசி, 130 குதிரைத்திறன். மூன்று சிலிண்டர்கள் இடப்பக்கமும் மூன்று வலப்பக்கமும் படுத்த நிலையில் எதிரெதிரே இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியாக வார்க்கப்பட்டு, சுற்றிலும் காற்றுத் துடுப்புகள் கொண்டது. ஹெட்டும் சிலிண்டருக்கு ஒன்று. ஹெட்டையும் சிலிண்டரையும் சேர்த்துக் கிராங்க் கேஸோடு இறுக்குபவை சிலிண்டருக்கு நான்கு வீதம் 24 நீண்ட ஸ்டட்கள். கிராங்க்கின் அடியில் ஓடும் துணைத்தண்டிலிருந்து இரண்டு செயின்கள் கிளம்பி, பக்கத்துக்கு ஒன்றாகக் கேம்ஷாஃப்ட்டுகளைச் சுழற்றும். அதே துணைத்தண்டு ஆயில் பம்பையும் இயக்கும்.

இந்த அடிப்படை 34 ஆண்டுகள் மாறவில்லை. கொள்ளளவு மட்டும் 2.2, 2.4, 2.7, 3.0, 3.2 என வளர்ந்து 3.6 லிட்டர் வரை போனது. அதன் பின் 3.8ஐயும் தொட்டது. முதலில் 80 மில்லிமீட்டராக இருந்த சிலிண்டர் விட்டம் 3.6 லிட்டர் இன்ஜினில் 100 மில்லிமீட்டர் ஆனது. கூடுதலாகப் பிறந்த வெப்பத்தையும் ஏறத்தாழ அதே அமைப்பே தாங்க வேண்டியிருந்தது.

ஆயில்

சாதாரணக் காரில் ஆயில் இன்ஜினின் அடியிலுள்ள சம்ப்பில் தேங்கி நிற்கும். 911இல் அது தனித் தொட்டியில் இருக்கிறது. பெரும்பாலான ரகங்களில் வலது பின்சக்கரத்துக்குப் பின்னால். ஆயில் பம்ப் உண்மையில் இரண்டு பம்புகள்: ஒன்று இன்ஜினுக்குள் வழிந்து சேரும் ஆயிலை உறிஞ்சித் தொட்டிக்கு அனுப்பும், மற்றொன்று தொட்டியிலிருந்து அழுத்தத்துடன் பேரிங்குகளுக்குத் தள்ளும். பந்தயக் கார்களிலிருந்து வந்த ஏற்பாடு இது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒருபக்கமாக ஒதுங்கி பம்ப் வறண்டுபோகும் ஆபத்து இதில் மிகக் குறைவு.

தொட்டி தனியே இருப்பதால் ஆயிலை அளக்கும் முறையும் வேறு. இன்ஜின் நன்றாகச் சூடேறி, சமதளத்தில், ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். மற்றக் கார்களில் பழகியவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டுக் காலையில் குளிர்ந்த நிலையில் பார்ப்பார்கள். இரவெல்லாம் தொட்டியிலிருந்து கொஞ்சம் ஆயில் இன்ஜினுக்குள் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக் காலியாகக் காட்டும். அதை நம்பி ஓரிரு லிட்டர் ஊற்றினால் சூடானதும் ஆயில் பொங்கி, மூச்சுக்குழாய் வழியே ஏர் ஃபில்டருக்குள் போய், காரின் பின்னால் நீலப்புகை கிளம்பும். 911 வாங்கும் புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் மிகப் பரவலானது.

1972 மாடலில் ஆயில் தொட்டியைப் பின்சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தி, ஊற்றுவதற்கு வலது கதவின் பின்னால் தனி மூடி வைத்தார்கள். எடை சற்று முன்னோக்கி நகர்ந்தால் கார் நிலையாக ஓடும் என்பது நோக்கம். பெட்ரோல் நிலையங்களில் அந்த மூடியைத் திறந்து பெட்ரோலை நிரப்பிவிடும் சம்பவங்கள் நடந்ததால் அடுத்த ஆண்டே தொட்டி பழைய இடத்துக்குத் திரும்பியது என்று சொல்வதுண்டு. அந்த ஓராண்டுக் கார்களை வைத்திருப்பவர்கள் அந்த மூடியை இன்றும் பெருமையோடு காட்டுகிறார்கள்.

1984 மாடலாக வந்த 3.2 லிட்டர் கரேராவில் ஆயிலின் மொத்த அளவு சுமார் 13 லிட்டர். மாற்றும்போது பத்து லிட்டரளவு வெளியே வரும். இவ்வளவு ஆயில் தேவைப்படுவதன் காரணம் உராய்வைக் குறைப்பது மட்டும் இல்லை. வெப்பத்தில் பெரும்பங்கை ஆயில்தான் சுமந்து வெளியேற்றுகிறது. இன்ஜினின் மேல் ஒரு கூலர் இருக்கிறது. ஆற்றல் கூடிய ரகங்களில் முன் வலது மட்கார்டுக்குள் இன்னொன்றும் சேர்ந்தது. ஆயில் சுமார் 85 டிகிரி செல்சியஸை எட்டியதும் தெர்மோஸ்டாட் திறந்து அதை முன்பக்கக் கூலருக்கு அனுப்பும். இந்தத் தெர்மோஸ்டாட்டும் அதில் சேரும் குழாய்களும் வலது பின்சக்கரத்தின் சேறும் தண்ணீரும் படும் இடத்தில் உள்ளன. அலுமினியமும் இரும்பும் சேர்ந்த இணைப்புகள் ஆண்டுக்கணக்கில் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பேனரில் முரட்டுத்தனமாகத் திருகினால் விலையுயர்ந்த தெர்மோஸ்டாட்டின் மரை போய்விடும். குழாயின் நட்டை அறுத்தெடுத்துவிட்டுப் புதுக் குழாய் போடுவதே மலிவு என்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் தீர்ப்பு. அது சரியான தீர்ப்புதான்.

எந்த ஆயில் என்பதில் சர்ச்சை ஓய்ந்ததே இல்லை. இன்ஜினின் வடிவமே சில விஷயங்களைத் தீர்மானித்துவிடுகிறது. ராக்கர் கைகளின் முகம் கேமின் மேல் உருளாமல் வழுக்கிச் செல்வதால், அந்த இடத்தில் உலோகத்தைக் காக்கத் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த கூட்டுப்பொருள் ஆயிலில் போதிய அளவு இருக்க வேண்டும். இன்றைய கார்களில் புகைவடிகட்டிகள் கெடாமலிருக்க அந்தச் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆகவே புதுக் காருக்கான மெல்லிய ஆயில், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், இந்த இன்ஜினுக்குப் பொருந்தாது. பழைய கார்களுக்கான போர்ஷே கிளாசிக் பிரிவு 2.7 லிட்டர் வரையிலான இன்ஜின்களுக்கு 20டபிள்யூ-50 வகையையும், 3.0 முதல் 3.6 லிட்டர் வரை 10டபிள்யூ-60 வகையையும் விற்கிறது.

ஆயில் அழுத்தத்தை மதிப்பிட ஒரு எளிய கணக்கு உண்டு. சூடான இன்ஜினில் ஆயிரம் சுற்றுக்குச் சுமார் ஒரு பார். 5,000 சுற்றில் ஐந்து பாரை நெருங்க வேண்டும். ஐட்லிங்கில் முள் கீழே இறங்கிக் கிடப்பது பயப்பட வேண்டியதில்லை. 4,000 சுற்றிலும் முள் எழும்பாவிட்டால்தான் பேரிங்கையோ பம்பையோ அழுத்த வால்வையோ சந்தேகிக்க வேண்டும்.

ஆயில் கசிவைப் பொறுத்தவரை, ஒரு சொட்டுகூடக் கசியாத பழைய 911 அரிது. ஹெட்டிலிருந்து ஆயிலைக் கீழே கொண்டுவரும் நான்கு திரும்பு குழாய்களின் ரப்பர் வளையங்கள், வால்வு மூடிகள், ராக்கர் தண்டுகளின் முனைகள், இன்ஜின் மேற்புறத்தில் கூலருக்கு அருகிலுள்ள தெர்மோஸ்டாட்டும் அழுத்த ஸ்விட்சும் மூச்சு மூடியும் வழக்கமான இடங்கள். கடைசியில் சொன்னவை கைக்கு எட்டாத மூலையில் இருப்பதால், கசிந்த ஆயில் கீழே வழிந்து வேறு எங்கிருந்தோ வருவதுபோல் காட்டும். இன்ஜினை நன்றாகக் கழுவிவிட்டுச் சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகே எந்த கேஸ்கட்டையும் மாற்ற வேண்டும்.

விசிறி, பெல்ட், தகடுகள்

விசிறி இன்ஜினின் மேல் செங்குத்தாக நிற்கும். ஆல்டர்னேட்டர் அதன் மையத்துக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. 1989 வரையிலான ரகங்களில் இரண்டையும் ஒரே பெல்ட் சுழற்றும். ஆகவே இந்தக் காரில் பேட்டரி விளக்கு எரிந்தால், வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே கூடாது. பெல்ட் அறுந்திருந்தால் குளிர்விப்பும் நின்றுவிட்டது என்று பொருள். உடனே ஓரம்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். பிறகு வந்த 964 ரகத்தில் விசிறிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் தனித்தனி பெல்ட் வைத்தார்கள்.

பெல்ட்டின் இறுக்கத்தைப் புல்லியின் இரு பாதிகளுக்கு இடையில் வைக்கும் மெல்லிய வளையத் தகடுகளால் கூட்டிக் குறைக்கிறார்கள். உள்ளிருந்து ஒரு தகட்டை எடுத்தால் புல்லியின் பாதிகள் நெருங்கி, பெல்ட் மேலேறி இறுகும். எடுத்த தகட்டைத் தூக்கிப் போடாமல் புல்லியின் வெளிப்புறத்தில் நட்டுக்கு அடியில் சேர்த்து வைப்பது முறை. அடுத்தமுறை புதுப் பெல்ட் போடும்போது அது தேவைப்படும். மாற்றுப் பெல்ட்டும் புல்லியைப் பூட்டிப் பிடிக்கும் கருவியும் டிக்கியில் இருப்பது நல்லது.

இன்ஜினைச் சுற்றிலும் பொருத்திய கறுப்புத் தகரத் தகடுகளும், அவற்றின் ஓரத்திலுள்ள ரப்பர் பட்டையும் அலங்காரத்துக்கு வைத்தவை என்று எண்ணி, எடையைக் குறைக்கிறேன் என்று கழற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். மேலிருந்து வரும் குளிர்ந்த காற்றும் கீழே எக்ஸாஸ்டிலிருந்து எழும் சூடான காற்றும் கலக்காமல் பிரித்துவைப்பவை அவைதான். ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் விசிறி சூடான காற்றையே மறுபடி உறிஞ்சும். சிலிண்டர்களுக்கு நடுவே காற்றைத் துடுப்புகளின் ஊடாகத் திருப்பிவிடும் சிறு தகடுகளும் அவ்வாறே. நீண்டகாலம் நிறுத்தி வைத்த காரில் எலி கூடு கட்டுவது விசிறியின் கீழுள்ள இந்த இடத்தில்தான். வெளியிலிருந்து தெரியாது, உள்ளே காய்ந்த புல்லும் துணியும் ஒரு சிலிண்டரை முழுவதும் மூடியிருக்கும்.

வால்வு இடைவெளி

1989 வரையிலான கார்களிலும் அடுத்து வந்த 964இலும் வால்வு இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும். இங்குள்ள மெக்கானிக்குகள் டேப்பட் அட்ஜஸ்ட் என்று சொல்லும் வேலைதான். 3.2 கரேராவுக்குச் சுமார் 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்யச் சொன்னார்கள். அதற்கு முந்தைய கார்களுக்கு இன்னும் அடிக்கடி. இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தின இரவே நிறுத்தி வைப்பது நலம். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் இடைவெளி 0.10 மில்லிமீட்டர்.

கிராங்க் புல்லியில் ‘இசட்1’ என்ற குறி முதல் சிலிண்டரின் உச்ச நிலையைக் காட்டும். குறியை நேர்கோட்டில் நிறுத்திவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் முதல் சிலிண்டரை நோக்குகிறதா என்று பார்க்க வேண்டும். நோக்கவில்லை என்றால் இன்னொரு முழுச் சுற்று. முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளையும் சரிசெய்துவிட்டுப் புல்லியை 120 டிகிரி திருப்பினால் அடுத்தது வரும். வரிசை 1-6-2-4-3-5. கிராங்க் இரண்டு முழுச் சுற்று முடிக்கும்போது பன்னிரண்டு வால்வுகளும் முடிந்திருக்கும். முதல் மூன்று சிலிண்டர்கள் இடப்பக்கம், அடுத்த மூன்று வலப்பக்கம் என்பதால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரின் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் போய்வர வேண்டியிருக்கும்.

எழுத்தில் எளிதாகத் தெரியும் இந்த வேலை கையில் கடினமானது. எக்ஸாஸ்ட் வால்வுகள் காருக்கு அடியில், ஹீட் எக்ஸ்சேஞ்சர்களின் நெருக்கத்தில் இருக்கின்றன. ராக்கரின் நுனியிலுள்ள திருகின் பாதம் சற்று அசையும் தன்மையுடையது. அதற்கும் வால்வுக்கும் நடுவே மிக மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டை நேராகச் செருகுவதற்கு வளைந்த பிடியுள்ள தனிக் கருவி உண்டு. லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து சுழன்று இடைவெளி மாறிவிடும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் அடுத்த வால்வுக்குப் போகக் கூடாது. வழக்கத்தைவிட நெருக்கமும் தளர்வும் கைக்குத் தெரிய ஐந்தாறு வால்வுகள் ஆகும். முதன்முறை செய்பவர் பன்னிரண்டையும் முடித்துவிட்டு இன்னொரு சுற்று முழுவதும் சரிபார்ப்பதே புத்திசாலித்தனம். இப்போது பலர் ராக்கரின் மறுமுனையில், கேமின் தாழ்ந்த பக்கத்துக்கு நேரே தகட்டை வைத்து அளக்கிறார்கள். இடம் தாராளம், தகடு வளைவதில்லை. முறையான பலன் கிடைக்கிறது.

இடைவெளி கூடுதலாக இருந்தால் டக்டக் என்று சத்தம் வரும், கேட்பவருக்குக் கவலை. குறைவாக இருந்தால் சத்தமே வராது. அதுதான் உண்மையான ஆபத்து. வால்வு முழுவதும் மூடாமல் நின்றால், தன் வெப்பத்தை இருக்கைக்குக் கடத்திவிட வழியின்றி எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும். காற்றில் குளிரும் 911 அமைதியாக ஓடினால் மகிழ்ச்சியடைய வேண்டாம் என்று பழைய மெக்கானிக்குகள் எச்சரிப்பது இதனால்தான்.

மூடிகளைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் உடைந்த ஸ்டட்டைத் தேட வேண்டும். ஹெட்டைப் பிடிக்கும் நட்டுகளில் ஒன்று தளர்ந்தோ, மூடிக்குள் தனியே விழுந்தோ கிடந்தால், அடுத்த பகுதியில் சொல்லப்படும் நோய் வந்துவிட்டது.

ஸ்டட்கள்

911 இன்ஜினின் வரலாற்றையே இந்த 24 ஸ்டட்களின் வழியாகச் சொல்லிவிடலாம். அலுமினியச் சிலிண்டர் சூடேறும்போது இரும்பைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளும். அதைப் பிடித்திருக்கும் ஸ்டட் எஃகு என்றால் அவ்வளவு நீளாது. ஒவ்வொரு முறை இன்ஜின் சூடேறும்போதும் ஸ்டட் இழுபடும்; அந்த இழுப்பு முழுவதும் கிராங்க் கேஸின் மரையில் போய்ச் சேரும்.

முதல் ஆண்டுகளின் கிராங்க் கேஸ் அலுமினியம். 1968 வாக்கில் எடையைக் குறைக்க மெக்னீசியத்துக்கு மாறினார்கள். 2.0, 2.2 லிட்டர் அளவில் மெக்னீசியம் தாக்குப்பிடித்தது. 1974இல் எல்லா 911களும் 2.7 லிட்டருக்கு வந்தபோது சிக்கல் வெடித்தது. 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர்கள், கூடிய வெப்பம், மென்மையான மெக்னீசிய மரை. அமெரிக்காவுக்குப் போன 1975 முதல் 1977 வரையிலான கார்கள் பலவற்றில் மாசுக் கட்டுப்பாட்டுக்காக எக்ஸாஸ்ட் வாயிலிலேயே தெர்மல் ரியாக்டர் பொருத்தி, எரியாத வாயுவை அங்கே எரித்தார்கள். ஹெட்டுக்கு அடியிலேயே அடுப்பு வைத்ததுபோல் ஆயிற்று. விசிறியின் இதழ்களையும் பதினொன்றிலிருந்து ஐந்தாகக் குறைத்திருந்தார்கள். ஸ்டட்கள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. ஹெட் தளர்ந்து, எரிவாயு வெளியே சீறும் சத்தத்தோடு கார்கள் பணிமனைக்கு வந்தன.

தீர்வு தெரிந்ததே. இன்ஜினை முழுவதும் பிரித்து, 24 துளைகளையும் அகலப்படுத்தி, எஃகு மரைக்குழல்களைப் பதித்து, புது ஸ்டட்களை இறுக்க வேண்டும். அதைச் செய்து, ரியாக்டரைக் கழற்றி, பதினொரு இதழ் விசிறியைப் பொருத்தி, முன்பக்கக் கூலரையும் சேர்த்துவிட்டால் 2.7 நல்ல இன்ஜின். பல ஆண்டுகளாக அதைச் சந்தை இழிவாகப் பேசியது நியாயமில்லை. குறைகளெல்லாம் அறியப்பட்டவை, திருத்தத்தக்கவை. 1973இன் புகழ்பெற்ற கரேரா ஆர்எஸ் காரின் 210 குதிரைத்திறன் இன்ஜினும் இதே 2.7 லிட்டர்தான்.

1978இல் வந்த 911 எஸ்சியில் மீண்டும் அலுமினியக் கிராங்க் கேஸ். மரை பிடுங்கும் நோய் அதோடு தீர்ந்தது. ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கமுள்ள கீழ்வரிசை ஸ்டட்களை, அலுமினியத்தோடு சேர்ந்து நீளும் டிலவார் என்ற கலப்பு உலோகத்தில் செய்திருந்தார்கள். கருத்து சரியானது, உலோகம் ஏமாற்றியது. ஈரமும் உப்பும் அரித்து, ஆண்டுகள் கழித்து ஸ்டட்கள் நடுவில் முறிந்தன. சும்மா நிற்கும் காரில்கூட முறிந்ததுண்டு. எஸ்சி ரகத்தையோ 3.2ஐயோ வாங்குமுன் கீழ்வால்வு மூடிகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். அரைமணி நேர வேலை. அதைத் தவிர்த்தவர்கள் முழு ஓவர்ஹாலுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்.

செயின் டென்ஷனர், ஏர்பாக்ஸ், பிற பலவீனங்கள்

கேம்ஷாஃப்ட் செயின்களை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர்கள் 1983 வரை, தமக்குள் அடைத்த சிறிதளவு ஆயிலையும் ஸ்பிரிங்கையும் நம்பியவை. உள்ளிருக்கும் சீல் போனால் டென்ஷனர் அமுங்கிவிடும். செயின் தளர்ந்து பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது ஒருபக்கத்திலிருந்து மட்டும் செயின் உரசும் கலகலப்புக் கேட்டால் அதுதான் எச்சரிக்கை. 1984 மாடலான 3.2 கரேராவில் டென்ஷனருக்கு இன்ஜினின் சொந்த ஆயில் அழுத்தத்தையே குழாய் வழியே கொடுத்தார்கள். அந்த அமைப்பை முந்தைய கார்களிலும் பொருத்தலாம். பழைய 911க்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் தயங்காமல் செலவு செய்யத் தக்கது இது.

கே-ஜெட்ரானிக் என்னும் எரிபொருள் தெளிப்பு முறை 1973 தொடங்கி 1983 வரை பெரும்பாலான 911களில் இருந்தது. நுட்பமாகக் காற்றை அளந்து பெட்ரோலைத் தொடர்ந்து தெளிக்கும்; மின்னணுவின் உதவி குறைவு. அதன் பலவீனம் பிளாஸ்டிக் ஏர்பாக்ஸ். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது பின்வெடிப்பு நிகழ்ந்தால் பெட்டி பிளந்துவிடும். கார் அங்கேயே நிற்கும். பெட்டியில் ஒரு துளையிட்டு, அழுத்தம் மீறினால் திறந்துகொள்ளும் ஸ்பிரிங் மூடியைப் பொருத்துவது மலிவான காப்பு. ஸ்டார்ட் செய்யும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலிருப்பது செலவே இல்லாத காப்பு.

இக்னிஷனைப் பொறுத்தவரை 1969 முதல் 1983 வரையிலான கார்களில் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் அறையிலிருந்து கொசு ரீங்காரம் போன்ற மெல்லிய ஒலி வரும். மின்னழுத்தம் கூட்டும் பெட்டி உயிரோடிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஒலி இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். 3.2 கரேராவில் மோட்ரானிக் என்னும் மின்னணுக் கட்டுப்பாடு வந்தது. அதில் கார் காரணமின்றி நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது டிஎம்இ ரிலே. உள்ளேயுள்ள ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கும். அந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஒரு புது ரிலேயைக் கையோடு வைத்திருப்பார்கள். ஃபிளைவீல் அருகிலுள்ள இரண்டு வேக சென்சார்கள் அடுத்த சந்தேகம்.

3.2இன் முந்தைய ஆண்டுகளில் வால்வு கைடுகள் சீக்கிரம் தேய்ந்தன. ஆயில் குடிப்பது படிப்படியாகக் கூடுவதும், இறக்கத்தில் காலெடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வருவதும் அதன் அறிகுறிகள்.

1989இல் வந்த 964இல் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். இரட்டை டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டாம் பாதியை ஒரு சிறு ரப்பர் பெல்ட் சுழற்றுகிறது. உள்ளே உண்டாகும் ஓசோன் வாயு அந்தப் பெல்ட்டைத் தின்றுவிடும். அறுந்தால் ஒரு வரிசைப் பிளக்குகள் தவறான நேரத்தில் பொறி விடும்; ஓட்டுநருக்குச் சற்றுச் சக்தி குறைந்ததுபோல் மட்டுமே தெரியும், பிஸ்டன் அதற்குள் கெட்டிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குக் காற்றோட்டம் கொடுக்கும் குழாயைப் பொருத்தி, பெல்ட்டைக் காலத்தில் மாற்ற வேண்டும். தொடக்க 964களில் ஹெட் கேஸ்கட்டே இல்லாததால் அங்கும் ஆயில் கசிந்தது. கடைசி ரகமான 993இல் ஹைட்ராலிக் டேப்பட்டுகள் வந்து வால்வு அட்ஜஸ்ட்மென்ட்டை ஒழித்தன.

பெட்ரோல் குழாய்கள்

இன்ஜின் பின்னால், காற்று சுற்றும் மூடிய அறைக்குள், எக்ஸாஸ்ட்டுக்கு மேலேயே இருப்பதால், ஒரு துளி பெட்ரோல் கசிந்தாலும் தீ பிடிக்க ஏது உண்டு. எரிந்துபோன பழைய 911களில் பல, முப்பது நாற்பது ஆண்டு பழைய ரப்பர் குழாய்களோடு ஓடியவை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை வேகமாகக் கெடுக்கிறது. குழாய் வெளியே பளபளப்பாக இருந்தாலும் வளைத்துப் பார்த்தால் நுண் விரிசல் தெரியும். வாங்கியவுடன், வேறு எதற்கும் முன்பு, எல்லா எரிபொருள் குழாய்களையும் மாற்றுவதே பொறுப்பான செயல். இதில் சிக்கனம் பார்க்க இடமில்லை.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் விஷயமும் உயிரோடு தொடர்புடையது. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய உறையில் சூடாகும் காற்றுதான் கேபினுக்குள் ஹீட்டராக வருகிறது. உள்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து உள்ளே வரும். ஆயில் கருகும் வாடை வெறும் கசிவைத்தான் காட்டும். அதோடு தலைவலி வந்தால் ஹீட்டரை மூடிவிட்டு எக்ஸ்சேஞ்சரைச் சோதிக்க வேண்டும்.

நிறுத்தி வைத்த கார்

இந்த இன்ஜின் ஓடினால் கெடுவதைவிட நின்றால் கெடுவது அதிகம். மாதக்கணக்கில் நின்றால் தொட்டியிலிருந்து ஆயில் இன்ஜினுக்குள் இறங்கி நிரம்பும். சிலிண்டர்கள் படுத்திருப்பதால் பிஸ்டன் வளையங்களைக் கடந்தும் கொஞ்சம் போகும். கிளப்பும்போது பெரிய புகைமண்டலம் எழுந்து ஓரிரு நிமிடத்தில் அடங்கினால் அது நோயில்லை. ஆனால் ரப்பர் சீல்கள் காய்வதும், ஆயிலில் சேர்ந்த ஈரமும் அமிலமும் கேம்களையும் பேரிங்குகளையும் அரிப்பதும், பெட்ரோல் பிசினாகிக் கே-ஜெட்ரானிக்கின் நுண்துளைகளை அடைப்பதும் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவை. வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டிவிட்டு அணைப்பதால் பயனில்லை. ஈரம் கூடவே செய்யும். ஆயில் முழுச் சூட்டை எட்டும்வரை, குறைந்தது அரைமணி நேரம், சாலையில் ஓட்ட வேண்டும். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் ஆண்டுக்கொருமுறை ஆயில் மாற்ற வேண்டும்.

சோதனையும் ஓவர்ஹாலும்

இன்ஜினின் உடல்நிலையை அறியக் கம்ப்ரஷன் டெஸ்ட் மட்டும் போதாது. லீக்-டவுன் டெஸ்ட்டும் தேவை. சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று அளப்பது அது. ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் மிக நல்லது. இருபதை நெருங்கினால் பிரிக்கத் தயாராக வேண்டும். கசியும் காற்று எக்ஸாஸ்ட்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் இன்டேக்கில் சீறினால் இன்லெட் வால்வு, ஆயில் மூடியைத் திறக்கும்போது சீறினால் பிஸ்டன் வளையம். ஆறு சிலிண்டர்களும் ஒன்றுபோல் இருப்பது எண்ணைவிட முக்கியம்.

ஓவர்ஹாலுக்கு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் கீழே இறக்குவார்கள். தாங்கிப் பிடிப்பவை நான்கே பெரிய போல்ட்டுகள். எரிபொருள், ஆயில், மின் இணைப்புகளைக் கழற்றத்தான் நேரம் பிடிக்கும். பிரித்த பின் எது நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதை அப்படியே விடலாமா என்ற ஆசை எழும். கனெக்டிங் ராட் போல்ட்டுகளில் அந்த ஆசைக்கு இடம் தரக் கூடாது. 3.2இல் அவை முந்தைய ரகங்களைவிட மெல்லிய 9 மில்லிமீட்டர் போல்ட்டுகள். ஒருமுறை இழுபட்டவை மறுமுறை நம்பத்தக்கவை அல்ல. சிலிண்டர்கள் நிக்கசில் வகையாக இருந்தால், அதாவது அலுமினியத்தின் மேல் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் பூசியவையாக இருந்தால், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் அளவு மாறாமல் இருப்பதுண்டு. அளந்து பார்த்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம்.

திரும்பச் சேர்க்கும்போது மிகுந்த பொறுமை கேட்பது கேம் டைமிங். குறிகளை நேர்ப்படுத்துவதோடு நிற்காமல், முதல் சிலிண்டர் ஓவர்லாப் உச்சத்தில் இருக்கும்போது இன்லெட் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று டயல் கேஜால் அளக்க வேண்டும். 3.2 கரேராவில் அது 1.1 முதல் 1.4 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். கேமின் முனையில் சிறு ஊசியை வேறு துளைக்கு மாற்றி, கிராங்க்கை இரண்டு சுற்று சுற்றி, மறுபடி அளந்து, இரண்டு பக்கமும் ஒரே எண் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஓடத் தொடங்கிய முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு ஆயிலை மாற்றி, வால்வு இடைவெளியை மறுபடி பார்த்து, வடிகட்டியை அறுத்துத் திறந்து உள்ளே உலோகத் துகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.